பிரெடரிக் டக்ளஸ்: சட்டம் தந்த சமத்துவமும் சமுதாயம் மறுத்த இருக்கையும்

அரசரும் பிரபுக்களும் இல்லாத நாடு என்று பெயர் பெற்றது அமெரிக்க ஐக்கிய நாடு. மனிதர் யாவரும் சமம் என்னும் கொள்கையை 1776-ஆம் ஆண்டிலேயே உலகறியப் பிரகடனம் செய்த நாடும் அதுவே. அந்நாட்டில், அடிமைமுறை ஒழிக்கப்பட்ட ஒரு மாநிலத்தில், முழு விலை கொடுத்துச் சீட்டு வாங்கிய ஒரு மனிதர் வெள்ளையர் அமரும் இரயில் பெட்டியில் அமர்ந்தார் என்பதற்காக வெளியே தூக்கி எறியப்பட்டார். அதே மனிதர் பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியின் எதிரே அமர்ந்து தம் மக்களுக்காக வாதாடினார். அயல்நாட்டுக்குத் தூதராகவும் சென்றார். அவரே பிரெடரிக் டக்ளஸ் என்பவர்.

சட்டத்தின் முன் சமம் என்பது ஒன்று. சமுதாயத்தில் பெறும் மதிப்பு என்பது வேறொன்று. முன்னது கிடைத்துவிட்டால் பின்னது தானே வந்து சேரும் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கின்றனர். அஃது அவ்வாறு வருவதில்லை என்பதையும், அதனைப் பெறுவதற்கு ஒரு மனிதன் எத்தகைய உறுதியோடு இருத்தல் வேண்டும் என்பதையும் டக்ளஸின் வாழ்க்கையைப் போலத் தெளிவாகக் காட்டும் சரித்திரங்கள் சிலவே. ஆதலின் அவர் வரலாற்றை அன்பர்கள் அறியும்பொருட்டு இங்கே எடுத்துரைக்கின்றேன்.

பிறந்த நாள் அறியாத பிள்ளை

மேரிலாந்து மாநிலத்தின் கீழைக்கரையில் டால்பட் மாவட்டம் என்பது ஒன்று. அங்கே ஓர் அடிமைப் பெண்ணின் வயிற்றில் பிரெடரிக் பிறந்தார். தாயார் ஹாரியட் பெய்லி. தந்தை ஒரு வெள்ளையர் என்பது ஊர்ப் பேச்சு. இன்னார் என்பதை மகன் கடைசி வரையில் உறுதியாக அறிந்தாரில்லை. பிறந்த நாளும் அவருக்குத் தெரியாது. குதிரைக்கு வயது தெரியாதது போலவே அடிமைக்கும் தன் வயது தெரியாதிருத்தலையே எஜமானர்கள் விரும்பினர். அவர் மறைந்து நெடுங்காலத்திற்குப் பின்னர் ஆராய்ச்சியாளர் கண்டெடுத்த எஜமானரின் கணக்கேட்டில் 1818 பிப்ரவரி என்று அவருடைய பிறப்புக் குறிக்கப்பட்டிருந்தது. பிள்ளையின் பிறப்பு, பண்ணையின் உடைமைக் கணக்கில் ஒரு வரவாக ஏறியிருந்தது என்க.

தாயாரைப் பன்னிரண்டு மைல் தொலைவிலுள்ள வேறொரு பண்ணைக்கு வேலைக்கு அனுப்பிவிட்டனர். பகலெல்லாம் வயலில் உழைத்துவிட்டு, இரவில் அவ்வளவு தொலைவும் நடந்து வந்து, மகனைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு, விடியுமுன் அந்த அம்மையார் திரும்பி நடப்பார். அவ்வாறு அவர் வந்தது நான்கைந்து முறையே. மகனுக்கு ஏழு வயதிருக்கும்போது தாயார் இறந்தார். அருகிருந்து பார்க்கவும் மகனுக்கு வாய்க்கவில்லை.

பிள்ளையை வளர்த்தவர் பாட்டி. ஆறு வயதில் அந்தப் பாட்டியே எஜமானரின் கட்டளைப்படி பிள்ளையைக் கைப்பிடித்து நடத்திக் கொண்டுபோய்ப் பெரிய பண்ணையில் விட்டுவிட்டுத் திரும்பினார். ஆண்டு முழுவதுக்கும் முழங்கால் வரையில் தொங்கும் முரட்டுச் சட்டைகள் இரண்டு. காலுக்குச் செருப்பு இல்லை. படுக்கப் படுக்கை இல்லை. குளிர்காலத்தில் சோளம் கொண்டுசெல்லும் சாக்கினுள் தலையை நுழைத்துக்கொண்டு உறங்குவார். சோளக் கூழைத் தொட்டியில் ஊற்றித் தரையில் வைப்பர். பிள்ளைகள் சிப்பி ஓட்டாலும் வெறுங்கையாலும் வாரி உண்பர். வேகமாக உண்டவனுக்கே வயிறு நிறையும். மனிதப் பிள்ளையைக் கால்நடைக்கு ஒப்பாக்குவதற்கு அந்நாட்டார் கையாண்ட முறை இது.

எழுத்து என்னும் விடுதலை

எட்டு வயதில் பால்டிமோர் நகரத்தில் இருந்த ஹியூ ஆல்டு என்பாருடைய வீட்டுக்கு அவர் அனுப்பப்பட்டார். ஆல்டின் மனைவி சோஃபியா அதற்கு முன் அடிமையை வைத்து வேலை வாங்கியறியாதவர். இரக்கமுள்ள அவ்வம்மையார் பிள்ளைக்கு எழுத்துகளைக் கற்பிக்கத் தொடங்கினார். கணவர் அதனை அறிந்து தடுத்துவிட்டார். அடிமைக்குக் கல்வி கொடுத்தால் அவன் அடிமையாக இருக்கத் தகுதியற்றவனாகிவிடுவான் என்று அவர் மனைவிக்கு எடுத்துச் சொன்னதைச் சிறுவன் கேட்டுக்கொண்டிருந்தான். கல்வியை நிறுத்துவதற்காகச் சொல்லப்பட்ட அந்தச் சொல்லே அச்சிறுவனுக்கு வழிகாட்டிற்று. எதனைக் கண்டு எஜமானர் அஞ்சுகின்றாரோ அதனையே தான் அடைதல் வேண்டும் என்று அவன் தீர்மானித்தான்.

அதன் பின்னர் அவர் கற்ற விதம் நாம் அனைவரும் நினைவில் வைக்கத் தக்கது. எஜமானர் வீட்டில் ரொட்டிக்குக் குறைவில்லை. தெருவிலிருந்த ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கோ ரொட்டி அரிது, எழுத்துத் தெரியும். ரொட்டியைக் கொடுத்து அவர்களிடம் பாடத்தைப் பெற்றுக்கொண்டார். கப்பல் கட்டும் துறையில் தச்சர்கள் மரத்துண்டுகளின் மேல் முன்பக்கம், பின்பக்கம், இடம், வலம் என்பதற்கு அடையாளமாக எழுதும் எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துத் தாமும் எழுதினார். வேலிப் பலகையும் செங்கற் சுவரும் அவருக்குச் சிலேட்டாயின. பன்னிரண்டு வயதில், காலணிகளுக்கு மெருகிட்டுச் சேர்த்த ஐம்பது காசைக் கொடுத்துச் சொற்பொழிவுகள் அடங்கிய ஒரு பள்ளிப் புத்தகத்தை வாங்கினார். அதில் ஓர் அடிமை தன் எஜமானரோடு வாதாடி, நியாயத்தாலேயே வென்று விடுதலை பெறுகின்ற உரையாடல் ஒன்று இருந்தது. அதனைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானோரைக் கட்டிப்போட்ட அவருடைய நாவன்மைக்கு வித்து அங்கேதான் விழுந்தது.

நிமிர்ந்த நாள்

1833-இல் அவரைக் கிராமத்திலிருந்த மற்றொரு எஜமானர் தாமஸ் ஆல்டு அழைத்துக்கொண்டார். அவர் ஹியூவின் உடன்பிறந்தார். எழுத்தறிந்த இளைஞன் பணியமாட்டான் என்று கண்டு, 1834 தொடக்கத்தில் எட்வர்ட் கோவி என்பவரிடம் ஓராண்டுக்கு வாடகைக்கு விட்டார். முரட்டு அடிமைகளை அடித்து ஒடுக்குவதில் கோவி பெயர் பெற்றவர். ஆறு மாதங்கள் வாரந்தோறும் சவுக்கடி. படிக்கும் ஆசையும் அறிவின் ஒளியும் தம்மிடமிருந்து நீங்கிவிட்டதாக அந்நாளைப் பற்றி அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கின்றார்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள், கட்டிவைத்து அடிக்க வந்த கோவியின் கழுத்தை அப்பதினாறு வயது இளைஞர் பற்றிக்கொண்டார். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போராட்டம் நடந்தது. அவர் கோவியைத் தாக்கி வீழ்த்த முற்படவில்லை. தம்மை அடிக்கவிடாமல் தடுத்துக்கொண்டே இருந்தார். இறுதியில் கோவி சோர்ந்து விட்டுவிட்டார். அதன் பின்னர் அடிமையாய் இருந்த நான்கு ஆண்டுகளிலும் எவரும் பிரெடரிக்கைச் சவுக்கால் அடித்ததில்லை. சட்டப்படி அவர் அன்றும் அடிமையே. மனத்தால் அடிமையாயிருப்பது அன்றோடு ஒழிந்தது. அடுத்த ஆண்டில் வேறொரு பண்ணையில் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமைகளில் மறைவாகப் பள்ளி நடத்தி ஏறத்தாழ நாற்பது அடிமைகளுக்கு எழுத்துக் கற்பித்தார்.

1836-இல் தப்பியோட முயன்று பிடிபட்டுச் சிறையிலிடப்பட்டார். பின்னர் மீண்டும் பால்டிமோருக்கு அனுப்பப்பட்டு, கப்பல் பலகைகளின் இடுக்கில் நாரைத் திணித்துக் கீல் பூசும் தொழிலைக் கற்றார். அத்துறையில் வெள்ளைத் தொழிலாளர் கறுப்பரோடு சேர்ந்து வேலை செய்ய மறுத்தனர். வெள்ளைப் பயிற்சித் தொழிலாளர் சிலர் அவரைச் சூழ்ந்து தாக்கினர். ஒரு கண் போய்விடும் நிலை ஏற்பட்டது. சுற்றிலும் பலர் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். வழக்குத் தொடுக்கச் சென்றபோது, வெள்ளையர் ஒருவர் வந்து சாட்சி சொன்னாலன்றி நடவடிக்கை இல்லை என்று நீதிபதி கூறிவிட்டார். கறுப்பர் எத்தனை பேர் கூடிச் சொன்னாலும் வெள்ளையருக்கு எதிரே அது சாட்சியாகாது என்பது அந்நாட்டுச் சட்டம். தொழிலில் தேர்ந்த பின்னர் வாரத்துக்கு ஆறு முதல் ஒன்பது டாலர் வரையில் சம்பாதித்தார். சனிக்கிழமைதோறும் அத்தனையையும் எஜமானர் கையில் வைத்துவிட வேண்டும். உழைப்பு இவருடையது, கூலி அவருடையது.

1838 செப்டம்பர் 3-ஆம் நாள், கப்பலோட்டி உடை அணிந்து, நண்பர் ஒருவரிடம் இரவல் பெற்ற கப்பலோட்டிச் சான்றிதழைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவர் இரயில் ஏறினார். சான்றிதழில் கண்ட அங்க அடையாளம் அவருக்குப் பொருந்தாது. வண்டியின் நடத்துனர் சற்று உற்று நோக்கியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நியூயார்க் சேர்ந்தார். அவருடைய பயணத்துக்குத் தம் சேமிப்பைக் கொடுத்து உதவிய அன்னா மர்ரே என்னும் சுதந்திரக் கறுப்பினப் பெண்ணை அங்கே மணந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நியூ பெட்ஃபோர்டு என்னும் துறைமுக நகரில் குடியேறினார். பழைய எஜமானர் தேடிப் பிடிக்காதபடி பெய்லி என்ற பெயரை விட்டு, டக்ளஸ் என்னும் பெயரைத் தாமே ஏற்றுக்கொண்டார். பழைய அடையாளத்தைக் களைந்து, தாம் ஏற்ற பெயரோடு புது வாழ்வு தொடங்குவதன் பொருள் நம் அன்பர்களுக்கு விளக்கிச் சொல்லாமலே விளங்கும்.

சுதந்திர பூமியில் கண்டது

இனித்தான் இச்சரித்திரத்தின் முக்கியமான பகுதி வருகின்றது. மாசசூசெட்ஸில் அடிமைமுறை இல்லை. கறுப்பருக்கு வாக்குரிமையும் உண்டு. ஆயினும் அவர் அங்கே கண்டது என்ன?

முதலாவது, தொழில். கீல் பூசும் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு இரண்டு டாலர் கூலி. ஒரு கப்பலுக்கு அந்த வேலைக்கு அவரை அமர்த்தினார்கள். அவர் கை வைத்தால் வெள்ளைத் தொழிலாளர் அனைவரும் வெளியேறிவிடுவர் என்று சொல்லப்பட்டது. ஆகவே கைத்தொழில் தெரிந்தவர் மரம் அறுத்தும், நிலக்கரி அள்ளியும், மூட்டை சுமந்தும் ஒரு டாலர் கூலிக்கு உழைத்தார். தோலின் நிறத்துக்காக நாள்தோறும் அவர் செலுத்திய வரி ஒரு டாலர். பித்தளை வார்ப்படச் சாலையில் துருத்தி இழுக்கும் வேலையும் பார்த்தார். எதிரிலிருந்த தூணில் செய்தித்தாளை ஆணியடித்து மாட்டிக்கொண்டு, துருத்தியின் பிடியை மேலும் கீழும் அசைத்தபடியே படிப்பார். ஆலையில் நூற்பு இயந்திரத்தின் இரைச்சலுக்கிடையே பொட்டலம் கட்டிவந்த தாளையும் விடாமல் படித்துத் தமிழ் கற்றவன் நான். அந்தத் தூணும் அந்தத் தாளும் என் கண்முன் நிற்கின்றன.

இரண்டாவது, கோயில். கிறிஸ்தவ விசுவாசத்தோடு ஒரு மெதடிஸ்டுத் திருச்சபையிற் சேர்ந்தார். பின்வரிசையில் அமர்த்தியதையும் பொறுத்துக்கொண்டார். திருவிருந்து நாள் வந்தது. குரு முதலில் வெள்ளையர் அனைவருக்கும் அப்பமும் ரசமும் வழங்கினார். ஒருவரும் விடுபடவில்லை என்று நிச்சயித்துக்கொண்ட பிறகே, ஒதுங்கி நின்ற கறுப்பரைக் கையசைத்து அழைத்தார். டக்ளஸ் எழுந்து வெளியே நடந்தார்; அந்த ஆலயத்தினுள் மறுபடி அவர் கால் வைக்கவில்லை. கறுப்பின மக்கள் தாமே நடத்திய சிறு சபையிற் சேர்ந்து, அங்கேயே பிரசங்கம் செய்யவும் பழகினார்.

மூன்றாவது, இரயில் வண்டி. 1841 ஆகஸ்டில் நான்டக்கெட் தீவில் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் கூட்டத்தில், உடல் நடுங்க, நாத் தடுமாற, தம் வாழ்க்கையைச் சொன்னார். கேட்டோர் உருகினர். சங்கம் அவரைப் பிரசாரகராக நியமித்தது. ஊர் ஊராகச் செல்லும்போது இரயில்வே ஊழியர் அவரைக் கறுப்பருக்குரிய தனிப்பெட்டிக்குப் போகச் சொல்வர். அவர் மறுப்பார். லின் என்னும் ஊருக்கருகே ஒரு முறை அவரை இழுத்து வெளியேற்ற ஆட்கள் பலர் திரண்டு வந்தனர். அவர் இருக்கையை இறுகப் பற்றிக்கொண்டார். இருக்கை பெயர்ந்து அவரோடு வந்தது. இத்தகைய எதிர்ப்புகளின் விளைவாக, அம்மாநிலத்து இரயில் நிறுவனங்கள் சில ஆண்டுகளில் தனிப்பெட்டி முறையைக் கைவிட்டன.

இங்கே நாம் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். தனிப்பெட்டியிலும் வண்டி அதே ஊருக்குத்தான் போகும். அதற்காக இத்தனை அடிபட வேண்டுமா என்று கேட்பாரும் அக்காலத்தில் இருந்தனர். டக்ளஸின் கருத்து வேறு. ஒதுக்கப்பட்ட இடத்தில் ஒருவன் வாய் மூடி அமர்ந்தால், தான் ஒதுக்கத்தக்கவன் என்பதற்குத் தானே சம்மதம் கொடுத்தவனாகின்றான். அந்தச் சம்மதத்தை அவர் ஒரு நாளும் கொடுத்தாரில்லை.

கடலுக்கு அப்பால்

1845-இல் தம் வாழ்க்கைச் சரித்திரத்தை நூலாக வெளியிட்டார். எஜமானர்களின் பெயரையும் ஊரையும் மறைக்காமல் எழுதியதால் பிடிபடும் ஆபத்து மிகுந்தது. ஆதலின் அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் கப்பலேறினார். கம்பிரியா என்னும் அக்கப்பலிலும் மேல்வகுப்பில் இடம் மறுக்கப்பட்டுக் கீழ்த்தளத்திலேயே சென்றார். ஆனால் கரையிறங்கிய பின்னர் கண்ட வேறுபாடு அவரையே வியக்க வைத்தது. வண்டியிலும், விடுதியிலும், உணவு மேசையிலும், கோயிலிலும் அவரை யாரும் ஒதுக்கவில்லை. அது முடியரசு நாடு. பிரபுக்கள் நிறைந்த நாடு. அவர் பிறந்ததோ குடியரசு நாடு. ஆட்சியின் பெயர் மட்டும் மனிதனுக்கு மதிப்பைத் தந்துவிடாது என்பதை அவர் அங்கே நேரில் உணர்ந்தார்.

அங்கிருந்த நண்பர்கள் பணம் திரட்டி, 1846 இறுதியில் 150 பவுன் கொடுத்து அவருடைய விடுதலையை விலைக்கு வாங்கினர். பத்திரத்தோடு 1847-இல் திரும்பும்போது, மேல்வகுப்புக் கட்டணம் முழுவதும் செலுத்தியிருந்தும், அதே கம்பிரியா கப்பலில் பொது உணவுக்கூடத்துக்கு வரக்கூடாது என்றனர். விடுதலைப் பத்திரம் சட்டைப் பையில் இருந்தது. சாப்பாடு தனி அறையில் வந்தது. ஆங்கிலப் பத்திரிகைகள் இதனைக் கண்டித்து எழுதின.

நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் குடியேறி, 1847 டிசம்பர் 3-ஆம் நாள் வடமீன் என்னும் பொருள்படும் பெயரில் சொந்தப் பத்திரிகை தொடங்கினார். அடிமைகள் இரவில் தப்பியோடும்போது திசை காட்டிய விண்மீன் அது. அடுத்த ஆண்டில் ஒன்பது வயது மகள் ரொசெட்டாவைத் தனியார் பள்ளி ஒன்றிற் சேர்த்தார். தலைமையாசிரியை அக்குழந்தையைத் தனியறையில் வைத்துப் பாடம் நடத்தினார். தந்தை சென்று கேட்டார். ரொசெட்டா வகுப்பில் இருப்பதற்கு ஆட்சேபம் உண்டா என்று ஆசிரியை மாணவிகளை ஒவ்வொருவராக வினவினார். ஒரு குழந்தையும் ஆட்சேபிக்கவில்லை. என் பக்கத்தில் அமரட்டும் என்றே ஒவ்வொன்றும் கூறியது. பின்பு பெற்றோரை வினவினார். ஒரே ஒரு தந்தை ஆட்சேபித்தார். அந்த ஒருவருக்காக ரொசெட்டா வெளியேற்றப்பட்டாள். உயர்வு தாழ்வு குழந்தையின் பிறவிக் குணமன்று, பெரியோர் புகட்டுவது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? டக்ளஸ் தம் பத்திரிகையில் அதனைப் பகிரங்கப்படுத்தினார். நகரத்துப் பொதுப் பள்ளிகளில் இருந்த பிரிவினையையும் இடைவிடாது எதிர்த்தார். 1857-இல் அப்பள்ளிகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறக்கப்பட்டன.

தம் இனத்தாருக்கு மட்டும் அவர் உரிமை கேட்கவில்லை. 1848 ஜூலையில் செனக்கா ஃபால்ஸ் என்னுமிடத்தில் பெண்ணுரிமை மாநாடு கூடியது. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்ற தீர்மானத்தைக் கண்டு அங்கு வந்திருந்த பெண்களிலேயே சிலர் தயங்கினர். டக்ளஸ் எழுந்து ஆதரித்துப் பேசினார், தீர்மானம் நிறைவேறிற்று. அம்மாநாட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஆண்கள் 32 பேரில் அவரும் ஒருவர். 1869-இல் சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்குள் வரலாகாது என்று பலர் கூச்சலிட்டபோதும், அவர்கள் வரவும் குடிமக்களாகவும் உரிமை உண்டு என்று மேடையேறிப் பேசினார். தன்னை மேலே ஏற்றிக்கொண்டு ஏணியை எடுத்துவிடும் மனிதரல்லர் அவர்.

போரும் உரிமையும்

1857-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆப்பிரிக்க வழியினர் அந்நாட்டின் குடிமக்களாக இயலாது என்று தீர்ப்பளித்தது. நான்கு ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் மூண்டது. கறுப்பரைப் படையிற் சேர்க்க வேண்டுமென்று டக்ளஸ் விடாது வற்புறுத்தினார். 1863-இல் மாசசூசெட்ஸ் 54-ஆம் படைப்பிரிவு அமைக்கப்பட்டபோது ஊர் ஊராகச் சென்று ஆள் திரட்டினார். தம் புதல்வர் இருவரையே முன்னதாகச் சேர்த்தார்.

ஆனால் வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்புச் சிப்பாய்க்கு 10 டாலர். அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்துக்கொள்வர். குண்டு இருவர் மார்பையும் ஒன்றுபோலவே துளைக்கும். கூலியில் மட்டும் வேற்றுமை. 54-ஆம் படைப்பிரிவினர் குறைந்த சம்பளத்தை வாங்கவே மறுத்துவிட்டனர். டக்ளஸ் 1863 ஆகஸ்டில் ஜனாதிபதி லிங்கனை நேரில் கண்டு இந்த அநீதியை எடுத்துரைத்தார். லிங்கன் மரியாதையோடு வரவேற்றுக் கேட்டார்; உடனே தீர்க்கவில்லை. 1864 ஜூனில் சமச் சம்பளச் சட்டம் நிறைவேறிற்று. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,80,000 கறுப்பு வீரர்கள் அப்படையிற் பணியாற்றினர்.

1865 மார்ச் 4-ஆம் நாள் லிங்கன் இரண்டாம் முறை பதவியேற்றார். அன்று மாலை வெள்ளை மாளிகை வரவேற்புக்கு டக்ளஸ் சென்றார். வாசலில் காவலர் இருவர் தோளைப் பிடித்து நிறுத்தினர். கறுப்பரை உள்ளே விடலாகாது என்பது உத்தரவு என்றனர். அப்படி ஓர் உத்தரவை லிங்கன் இட்டிருக்க முடியாது என்று டக்ளஸ் அசையாது நின்றார். உள்ளே சென்ற ஒருவர் மூலம் செய்தி அனுப்பினார். லிங்கன் உடனே அவரை வரவழைத்து, கூட்டத்தார் அனைவரும் கேட்க நண்பர் என்று விளித்துக் கைகுலுக்கி, அன்று தாம் நிகழ்த்திய உரையைப் பற்றி அவர் கருத்தைக் கேட்டறிந்தார். உத்தரவு எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. காவலர் மனத்திலே அது எழுதப்பட்டிருந்தது. எழுதப்பட்ட சட்டத்தை மாற்ற ஒரு சபை போதும். எழுதப்படாத இந்தச் சட்டத்தை வாசல்தோறும் நின்று மாற்ற வேண்டியிருக்கின்றது.

போரின் பின்னர் மூன்று அரசியல் சட்டத் திருத்தங்கள் வந்தன. 1865-இல் அடிமைமுறை ஒழிந்தது. 1868-இல் குடியுரிமையும் சமப் பாதுகாப்பும் உறுதியாயின. 1870-இல் இனத்தையும் நிறத்தையும் காட்டி வாக்குரிமையை மறுத்தல் தடுக்கப்பட்டது. 1875-இல் விடுதி, வண்டி, நாடகசாலை ஆகியவற்றில் வேற்றுமை காட்டலாகாது என்று ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. எட்டே ஆண்டுகளில், 1883-இல், உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கிற்று. தனியார் காட்டும் வேற்றுமையைத் தடுக்க மத்திய அரசுக்கு அதிகாரமில்லை என்பது தீர்ப்பின் சாரம். தாம் இளமையில் பற்றிக்கொண்டு விடாத அந்த இருக்கை மறுபடியும் பறிபோனதை டக்ளஸ் தமது அறுபத்தைந்தாம் வயதில் கண்டார். சோர்ந்து அமரவில்லை; தலைநகரிலே கூட்டம் கூட்டிக் கண்டித்தார்.

பதவியும் பணிவும்

1877-இல் அவர் தலைநகர் மாவட்டத்தின் மார்ஷலாக நியமிக்கப்பட்டார். அப்பதவியில் இருப்பவர் ஜனாதிபதியின் விருந்தினரை வெள்ளை மாளிகையில் அறிமுகம் செய்து வைப்பது வழக்கம். இவர் பதவிக்கு வந்ததும் அந்தக் கடமை மட்டும் நீக்கப்பட்டுவிட்டது. பின்னர்ப் பத்திரப் பதிவாளராகவும், 1889 முதல் 1891 வரை ஹைட்டி நாட்டுக்குத் தூதராகவும் பணியாற்றினார். வாஷிங்டனில் அனகோஸ்டியா என்னும் பகுதியில் குன்றின்மேல் ஒரு வீட்டை வாங்கி 1878-இல் குடியேறினார். கறுப்பருக்கு விற்கலாகாது என்ற நிபந்தனையோடு முன்பு மனை பிரிக்கப்பட்ட பகுதி அது. அவ்வீடு இன்று தேசிய நினைவிடமாக விளங்குகின்றது.

மார்ஷலான அவ்வாண்டிலேயே, பழைய எஜமானர் தாமஸ் ஆல்டு நோயுற்றுப் படுக்கையில் கிடப்பதை அறிந்து காணச் சென்றார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் தம்மை உடைமையாகக் கொண்டிருந்த கிழவர், நடுங்கும் கையை நீட்டி, மார்ஷல் என்ற பட்டத்தோடு விளித்தார். டக்ளஸ் அதனை மறுத்து, முன்போலப் பிரெடரிக் என்றே அழைக்கும்படி வேண்டினார். இருவர் கண்ணிலும் நீர் மல்கியது. தாழ்த்தியவனைத் தாழ்த்திப் பார்ப்பது சமத்துவமன்று. எஜமானன் என்பவனும் அடிமை என்பவனும் இல்லாது போய், இரண்டு மனிதர் எதிரெதிரே அமர்தலே சமத்துவம். அதனை அவர் தம் நடத்தையாற் காட்டினார்.

1895 பிப்ரவரி 20-ஆம் நாள் பெண்கள் சங்கக் கூட்டம் ஒன்றிற் கலந்துகொண்டு வீடு திரும்பியவர், அக்கூட்டத்தின் செய்தியைத் தம் மனைவியாருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்து உயிர் நீத்தார்.

நமக்கு உள்ள பாடம்

அவர் மறைந்த மறு ஆண்டே, 1896-இல், இரயில் வண்டியில் கறுப்பருக்குத் தனிப்பெட்டி வைப்பது அரசியல் சட்டத்துக்கு மாறானதன்று என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரித்து வைத்தாலும் சமமே என்னும் அப்பொய்யைப் பள்ளிகளின் வழக்கில் அதே நீதிமன்றம் தள்ளுவதற்கு 1954 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. விடுதியும் உணவுச்சாலையும் சட்டப்படி திறந்தது 1964-இல். சுதந்திரப் பிரகடனத்துக்கும் அதற்கும் இடையே 188 ஆண்டுகள்.

இஃது எங்கோ அயல்நாட்டில் நடந்த கதை என்று நம் நாட்டுப் பெரியோர் கருதவில்லை. மகாத்மா ஜோதிராவ் புலே 1873-இல் அடிமைத்தனத்தைப் பற்றி எழுதிய தம் நூலை, நீக்ரோ அடிமைகளை விடுவித்த அமெரிக்க நன்மக்களுக்கே காணிக்கையாக்கினார். பாபாசாகேப் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரில் கல்வி பயின்றார். 1949 நவம்பர் 25-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் அவர் விடுத்த எச்சரிக்கையும் இதுவே: அரசியலில் ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒவ்வொரு வாக்குக்கும் ஒரே மதிப்பு என்றாகிவிடும், சமுதாய வாழ்விலும் பொருளாதார வாழ்விலும் அந்தச் சம மதிப்பு இல்லாதிருக்கும், இந்த முரண்பாட்டை விரைவில் நீக்காவிடில் அரசியல் ஜனநாயகமே தகர்ந்துபோகும் என்றார். 1950-இல் நம் அரசியல் சட்டத்தின் 17-ஆவது விதி தீண்டாமையை ஒழித்தது. ஏட்டில் ஒழிந்தது, தேநீர்க் கடையின் தனிக் குவளையிலும், வாடகை வீட்டின் வாசலில் கேட்கப்படும் கேள்வியிலும், சுடுகாட்டுப் பாதையிலும் ஒழிந்துவிட்டதா என்பதை அன்பர்கள் தத்தம் ஊரில் நோக்கி அறிக.

டக்ளஸின் வாழ்க்கையிலிருந்து நாம் கைக்கொள்ளத் தக்கவை மூன்று. எழுத்தை எவ்வாறாயினும் கற்றல். ஒதுக்கப்பட்ட இடத்தில் சம்மதித்து அமராதிருத்தல். தனக்குக் கேட்கும் உரிமையைப் பெண்ணுக்கும் பிறர்க்கும் சேர்த்தே கேட்டல். இவற்றுள் மூன்றாவதை நம்மவர் அதிகம் மறக்கின்றனர். வெளியில் சமத்துவம் பேசிவிட்டு, நம்முள்ளேயே ஒரு பிரிவாரைத் தாழ்ந்தோர் என்று எண்ணுவதும், வீட்டிலுள்ள பெண்களைக் கடைசியாக உண்ணச் சொல்வதும் நம்மிடையே இன்னும் உள்ளன. அடுத்த கூட்டத்துக்கு வரும் சகோதரர்கள் தத்தம் இல்லத்துப் பெண்களையும் பிள்ளைகளையும் உடன் அழைத்து வந்து, அனைவரும் ஒரே பந்தியில் ஒன்றாக அமர்வோமாக. ரொட்டியைக் கொடுத்து எழுத்தை வாங்கிய அந்தச் சிறுவனின் சரித்திரத்தை அன்று பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வோமாக.